ஹோ டீச்சரின் பெயரை எழுதிய கதை

1

கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றார் கவுண்டரில் இருந்த பெண் அதிகாரி.

நான் இந்த மலைக்கு வந்து பதினான்கு வருடம் நிறைந்த வாரம் அது. மலேசியக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவள் என்பதால் இங்கே தங்க எனக்கு ஒரு பாஸ் உண்டு. அதைப் புதுப்பிக்க ஒவ்வொரு தடவையும் கேமரன் மலையிலிருந்து கீழே இறங்க வேண்டும். வளைவுக்கு வளைவு குமட்டலை அடக்க வேண்டும். கவுண்டரில் கணவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் நிற்காவிட்டால் நான் இல்லை. நிரந்தரமாகத் தங்குவதற்குப் போட்ட மனு பரிசீலனையில் இருக்கிறது. என் மகளுக்குப் பால் பல் விழுந்து புதுப் பல்லும் முளைத்துவிட்டது, மனு மட்டும் அப்படியே இருக்கிறது.

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அவர் பார்த்தது வடிவத்தை. பழைய தாளில் 'செல்வராணி' என்று ஒரே இழுப்பில் சுழித்துச் சுழித்துப் போட்டிருந்தேன். புதிய தாளில் எழுத்துக்கெல்லாம் மூலை முளைத்திருந்தது. கோடுகள் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி தள்ளித் தள்ளி நின்றன. இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன், அது இன்னும் மோசம். என் முகத்தையும் பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவர் சந்தேகப்பட்டதில் எனக்குக் கோபம் இல்லை. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் என்னை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து விசாரித்திருப்பேன். கணவர் மலாயில் ஏதோ சொல்லி அவரைச் சிரிக்க வைத்தார். என் பெண்டாட்டி சீன எழுத்துப் பழகுகிறாள், அதனால் கை இப்படி ஆகிவிட்டது என்று சொன்னாராம். முத்திரை விழுந்தது. வெளியே வந்ததும் வேறு என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை என்றார். நான் நம்பவில்லை.

ஊரில் இருப்பவர்கள் கேட்கிறீர்கள், இந்த வயதில் உனக்குச் சீன எழுத்து எதற்கு என்று. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

கல்யாணத்துக்கு முன்னால் சிவகாசியில் காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் அடிக்கிற ஓர் அச்சகத்தில் எனக்குப் பிழை பார்க்கும் வேலை. பிழை பார்ப்பவளுக்கு முதல் பாடம், எதையும் நம்பாதே என்பதுதான். தேய்பிறை என்று இருந்தால் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா பெயருக்கு முன்னால் 'திரு' என்று இருந்தால் ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். நல்லபடியாக இருந்த மனிதர் ஒருவருக்கு 'தெய்வத்திரு' போட்டு அடித்துவிட்டு, அவரே அச்சகத்துக்கு வந்து நின்ற கதையெல்லாம் உண்டு.

மை விஷயத்தில் இன்னும் கறார். கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயர் சிவப்பில் விழ வேண்டும். முழுக்கக் கறுப்பில் அடித்தால் அது கருமாதிப் பத்திரிகை. ஒருநாள் மிஷினில் மை மாற்ற மறந்து, ஒரு கல்யாணக் கட்டு முழுவதும் கறுப்பில் ஓடிவிட்டது. பெண்ணின் தாய்மாமன் வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. பத்திரிகையைத் தொடமாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். முதலாளி அத்தனையையும் கிழிக்கச் சொல்லிவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாகச் சிவப்பில் அடித்துக் கொடுத்தார்.

என் கல்யாணப் பத்திரிகையும் அங்கேதான் அச்சானது. மாப்பிள்ளை வெளிநாடு என்றதும் அச்சகத்தில் எல்லோருக்கும் பொறாமை. நான் மட்டும் மாப்பிள்ளை வீட்டார் சொன்ன ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர் என்றார்கள், அது சரியாக இருந்தது. பெரிய வீடு என்றார்கள். வந்து பார்த்தால் தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு.

3

என் வீட்டுக்காரர் பெயர் சேகர். அவருடைய முப்பாட்டனார் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர். இப்போது கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்துப் பையன்கள். எங்கள் லைனில் தமிழ்க் குடும்பங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. துணி காய்வதில்லை, மஞ்சள்தூள் கட்டி தட்டிப்போகிறது, சுவரில் பூஞ்சை. இதையெல்லாம் ஊருக்கு போன் பேசும்போது சொன்னால், "உனக்கென்னம்மா, ஏசி ஊரு" என்கிறார்கள்.

எங்களுக்கு ஒரே மகள், தர்ஷினி. அவளை டவுனில் இருக்கும் சீனப் பள்ளியில் சேர்த்தது கணவரின் முடிவு. "இங்க கடை அவங்களது, காய்கறிக் கொல்லை அவங்களது, ஹோட்டலும் அவங்களது. பிள்ளை அவங்க பாஷை படிச்சா எங்க போனாலும் பொழச்சுக்கும் லா" என்றார். நானே பக்கத்து ஊரான கியா பார்மில் ஒரு சீனப் பெண்மணியின் காய்கறிக் கடையில்தான் வேலை பார்க்கிறேன். அவரைத் தவுக்கே அக்கா என்று கூப்பிடுவேன். தவுக்கே என்றால் இங்கே முதலாளி. ஆகவே எதிர்த்துப் பேச வாய் இல்லை.

பள்ளியில் மகளுக்கு மூன்று எழுத்தில் ஒரு சீனப் பெயர் வைத்தார்கள். குலதெய்வம் கோவிலில் வைத்த பெயருக்கு என்ன குறை என்று கேட்டேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் என்றார்கள். பிறகு அவள் போனில் தோழிகளோடு சீனத்தில் பேசிச் சிரிக்க ஆரம்பித்தாள். பேச்சுக்கு நடுவே 'மாமா' என்று வரும். சீனத்தில் அது அம்மா. ஆக, சிரிப்பு என்னைப் பற்றித்தான். என்ன பேசினாய் என்று கேட்டால், சும்மா என்பாள். பிழை பார்த்துச் சம்பளம் வாங்கியவளிடம் வந்து சும்மா என்றால் நடக்குமா?

ஐந்தாம் வகுப்பில் ஹோ டீச்சர் வந்தார். தூரிகை பிடித்து எழுதக் கற்றுக்கொடுப்பவர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சில பிள்ளைகளை வரவழைத்துத் தனியாகப் பழக்குவார். அதில் என் மகளும் ஒருத்தி. மத்தியானச் சாப்பாடும் அவரே கொடுப்பார். இலவசமாக எதற்கு ஒருவர் இவ்வளவு செய்ய வேண்டும்? பிள்ளை இல்லாதவர், என் பிள்ளையைத் தனக்கென்று பழக்கிக்கொள்கிறார் என்று எனக்குப் பட்டது. சொல்லக் கூடாதுதான். ஆனால் எனக்குப் பட்டது அதுதான், கணவரிடமும் அப்படியே சொன்னேன். அவர் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

4

உளவு பார்க்கத்தான் எழுத்துப் பழக ஆரம்பித்தேன். பேச்சு காதில் நிற்காமல் ஓடிவிடுகிறது. எழுத்து ஓடாது, உட்கார்ந்து பார்க்கலாம். மகளின் பழைய கட்டம் போட்ட நோட்டில், மீந்திருந்த பக்கங்களில், சோறு வேகும் நேரத்தில் எழுதுவேன்.

முதல் நாளே மகள் பிடித்துவிட்டாள். நான் எழுதியதைப் பார்த்துவிட்டுத் தப்பு என்றாள். பக்கத்தில் அச்சு எழுத்தை வைத்துப் பார்த்தேன், ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. எழுத்து சரி, கோடு போட்ட வரிசை தப்பு என்றாள். மேலிருந்து கீழே. இடமிருந்து வலம். பெட்டி மாதிரி எழுத்து என்றால் சுவரை முழுவதும் அடைத்துவிட்டு உள்ளே எழுதக் கூடாது. இடது சுவர், மேல்கூரையோடு சேர்த்து வலது சுவர், அப்புறம் உள்ளே இருக்க வேண்டியவை, கடைசியில்தான் அடிக்கோடு. எல்லோரும் வீட்டுக்குள் போனபிறகு கதவைச் சாத்துவது மாதிரி என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தாராம்.

எனக்கு இது பிடிபடவில்லை. அச்சுக்குப் போனபிறகு எந்தக் கோடு முதலில் விழுந்தது என்று யார் பார்க்கப் போகிறார்கள்? முடிவில் எழுத்து ஒன்றுதானே? வெளியாளைக் கண்டுபிடிக்க இவர்கள் வைத்திருக்கும் பொறி என்றே நினைத்தேன். எழுதும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் போதும், இவள் நம்மவள் இல்லை என்று தெரிந்துவிடும். பொறி என்று தெரிந்தபின் மாட்டிக்கொள்ளக் கூடாதல்லவா? அந்த வீம்பில் வரிசையைப் பழகினேன்.

பழகப் பழக ஒன்று தெரிந்தது. வரிசை தப்பினால் அடுத்த கோட்டுக்குக் கை தடுமாறுகிறது. வரிசையில் போனால் கை தானாக அடுத்த இடத்தில் போய் நிற்கிறது. மகள் என் தோளுக்குப் பின்னால் நின்று, "ம்மா, படுத்த கோடு முந்தி. நிக்கிற கோடு அப்புறம்" என்பாள். போனில் சிரித்த அதே பிள்ளைதான். என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு சொல்வாள். அந்த நேரங்களில் நான் எதற்காக ஆரம்பித்தேன் என்பது மறந்துபோகும். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

5

ஆறாம் வகுப்பு தொடங்கியதும் விஷயம் வெளியே வந்தது. மலைக்குக் கீழே ஈப்போ நகரத்தில் ஒரு சீன உயர்நிலைப் பள்ளி. தர்ஷினிக்கு அங்கே இடம் வாங்கித் தர முடியும் என்றார் ஹோ டீச்சர். தங்குவதற்கு அவருடைய அக்கா வீடு. மாதம் ஒருமுறை மலைக்கு வரலாம். கணவர் பூரித்துப்போனார். நான் நினைத்தது சரியாகிவிட்டது என்பதில் எனக்கு ஒரு கணம் திருப்தி, அடுத்த கணமே அந்தத் திருப்தி போய்விட்டது. பன்னிரண்டு வயதில் போகிறவள் திரும்பி வரும்போது என்னோடு எந்த மொழியில் பேசுவாள்?

மகளிடம் கேட்டேன். தெரியல என்றாள். டீச்சர் சொல்லிக்கொடுத்துப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குமுன் ஈப்போவில் ஒரு தூரிகை எழுத்துப் போட்டி நடந்திருந்தது. நானும் போயிருந்தேன். மேடையில் என் மகள் மட்டும்தான் இந்தியப் பிள்ளை. அவள் தூரிகையை எடுத்ததுமே கைதட்டல் ஆரம்பித்துவிட்டது. நானும் தட்டினேன். பத்திரிகைக்காரர் ஒருவர் அவளை மட்டும் தனியாக நிறுத்திப் படம் பிடித்தார். அதையெல்லாம் பார்த்தபிறகு, தடுக்கிற உரிமை எனக்கு இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. டீச்சர் எங்களுக்கு என்ன கெடுதல் செய்தார்? ஒன்றும் சொல்ல முடியவில்லை.

மே மாதம் இந்த ஊர் ஆசிரியர் தினம் வந்தது. மனத்தைச் சரிசெய்துகொண்டு ஒரு நல்லது செய்வோம் என்று தீர்மானித்தேன். நெய் தாராளமாக விட்டு மைசூர்பாகு கிளறினேன். நல்ல அட்டைப்பெட்டி ஒன்றில் அடுக்கி, நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, மஞ்சள் நூலால் கட்டினேன். மூடியில் டீச்சரின் பெயரைச் சீன எழுத்தில் நானே எழுதினேன். மூன்று எழுத்து. முதலில் குடும்பப் பெயர், நடுவில் அழகு என்று பொருள்படும் எழுத்து, கடைசி எழுத்து ஒரு பெட்டி. அதற்குப் பொருள் தோட்டம். பல தடவை எழுதிப் பழகி, வரிசை தப்பாமல், கடைசியில் கதவைச் சாத்தி எழுதினேன்.

சிவப்புப் பேனாவால் எழுதினேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் ஊரில் மங்கலமான பெயர் சிவப்பில்தான் விழும். சீனர்களுக்கோ சிவப்பு என்றால் உயிர். புத்தாண்டுக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் உறை சிவப்பு, வாசலில் தொங்கும் விளக்கு சிவப்பு, கோவில் தூண் சிவப்பு. இரண்டு ஊரும் ஒத்துப்போகிற ஒரே இடம் என்று எண்ணி மகிழ்ந்தேன். காலையில் மகள் பெட்டியைக் கையில் வாங்கி, மூடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். "வரிசை சரியா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

6

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார் டீச்சர். அதற்கு அடுத்த வாரமும் அப்படியே. ஈப்போ பேச்சையே எடுக்கவில்லை. கணவர் பள்ளி வாசலில் பார்த்து வணக்கம் சொன்னபோது, டீச்சர் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாராம்.

எனக்குள் ஆயிரம் கணக்கு ஓடியது. வேறு ஏதோ சீனப் பிள்ளை கிடைத்துவிட்டது. இல்லை, இவள் வகுப்பில் ஏதோ செய்துவிட்டாள். இல்லை, மைசூர்பாகு பிடிக்கவில்லை. மகள் வாயைத் திறக்கவில்லை. போனில் பேசுவதையும் நிறுத்திவிட்டாள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. போகாமல் இருந்துவிடுவாள் அல்லவா?

விடை கியா பார்மில் கிடைத்தது. ஹோட்டல்களுக்குப் போகும் காய்கறிப் பெட்டிகளில் பெயர் எழுதுவது இப்போதெல்லாம் என் வேலை. சீன எழுத்து வருகிறது என்று தவுக்கே அக்கா கொடுத்த பதவி உயர்வு. அன்று கறுப்பு மார்க்கர் காய்ந்துபோனதால் சிவப்பை எடுத்து ஒரு வாடிக்கையாளரின் பெயரை எழுத ஆரம்பித்தேன். அக்கா முட்டைக்கோஸைப் போட்டுவிட்டு ஓடிவந்து மார்க்கரைப் பிடுங்கினார். அட்டையைக் கிழித்து, மடித்து, தூரப் போட்டார். பிறகு மலாயில் விளக்கினார். சீனர்கள் உயிரோடு இருப்பவர் பெயரைச் சிவப்பு மையால் எழுதமாட்டார்களாம். கணவன் இறந்து மனைவி இருந்தால், கல்லறைக் கல்லில் அவள் பெயரையும் சேர்த்துச் செதுக்கிச் சிவப்புப் பூசி வைப்பார்களாம். அவளும் போனபிறகு நிறத்தை மாற்றுவார்களாம். ஒருவர் பெயரைச் சிவப்பில் எழுதிக் கொடுத்தால், உனக்கு அங்கே இடம் போட்டாகிவிட்டது என்று சொல்வது மாதிரி.

சிவப்புத் தாளில் கறுப்பிலோ தங்கத்திலோ எழுதலாம், வெறும் சிவப்பு மையில் மட்டும் கூடாது. நான் அதைத்தான் எழுதியிருக்கிறேன். போதாததற்கு மஞ்சள், குங்குமம், முடிச்சுப் போட்ட நூல். பார்ப்பவருக்கு அது செய்வினை இல்லாமல் வேறு என்ன?

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"ராணி, வேணும்னே எழுதுனியா? உண்மையச் சொல்லு. நான் திட்டமாட்டேன்."

டீச்சரைப் பற்றி இத்தனை நாளும் நான் சொன்னதெல்லாம் அவர் கண்ணில் நின்றது. என் கையில் சீன எழுத்து, மனத்தில் வெறுப்பு, பெட்டியில் சிவப்புப் பெயர். வழக்கு முடிந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொன்னேன். சரி என்றார். நான் எத்தனையோ பேரிடம் அதே மாதிரி சரி சொல்லியிருக்கிறேன், அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். அடுத்த அறையில் மகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வெளியே வரவில்லை. அவளும் அப்படித்தான் நினைக்கிறாள் என்று முடிவு செய்தேன். அன்றைக்கு நான் அழுதேன்.

7

டீச்சரை நேரில் பார்த்தே தீருவது என்று போனேன். சரிசெய்தால் மகள் ஈப்போவுக்குப் போய்விடுவாள். சரிசெய்யாவிட்டால் அவளைத் தடுத்து வைக்கச் செய்வினை வைத்த தாயாக நான் இங்கேயே இருப்பேன். இரண்டாவதை என்னால் தாங்க முடியாது.

பள்ளி விட்டபிறகு, காலி வகுப்பறையில் ஹோ டீச்சர் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். மகளை வராந்தாவில் இருக்கச் சொல்லிவிட்டு, எனக்குத் தெரிந்த உடைசல் மலாயில் ஆரம்பித்தேன். நான் பெயர் அச்சடிக்கிற ஊரிலிருந்து வந்தவள். எங்கள் ஊரில் கல்யாணப் பெயர் சிவப்பு, சாவுப் பெயர் கறுப்பு. போனைத் திறந்து என் கல்யாணப் பத்திரிகையின் படத்தைக் காட்டினேன். என் பெயரும் என் வீட்டுக்காரர் பெயரும் இரத்தச் சிவப்பில் கொட்டை எழுத்தில் இருந்தன. இதுதான் நான், இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்றேன்.

டீச்சர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும், கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். பிறகு ஒரு வெள்ளைத் தாளையும் கறுப்புப் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். எழுதுங்கள் என்றார்.

உயிரோடு எதிரில் நிற்கிற மனுஷியின் பெயரைக் கறுப்பில் எழுதுவது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற அந்தத் தாய்மாமனை நினைத்துக்கொண்டேன். மனத்துக்குள் முருகா என்று சொல்லிவிட்டு எழுதினேன். டீச்சர் எழுத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் எழுத்து, இரண்டாவது எழுத்து. மூன்றாவதில் சுவர்களை எழுப்பி, உள்ளே எழுத வேண்டியதை எழுதி, கடைசியில் அடிக்கோட்டைப் போட்டேன்.

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். மகள் என்றேன். எவ்வளவு காலமாக என்று கேட்டார். ஒரு வருடத்துக்கு மேல் என்றேன். டீச்சர் உட்கார்ந்தார். கெடுதல் செய்ய நினைக்கிற ஆள் பார்த்து வரைந்திருப்பார், இத்தனை நாள் உட்கார்ந்து வரிசை கற்றிருக்க மாட்டார் என்று மெதுவாகச் சொன்னார். அப்புறம் தன் கதையைச் சொன்னார். ஆசிரியர் தின வாரத்தில்தான் மார்பில் ஒரு கட்டிக்குப் பரிசோதனை செய்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாராம். அந்த நேரத்தில் சிவப்புப் பெயரோடு என் பெட்டி போயிருக்கிறது. முடிவு நல்லபடியாகத்தான் வந்தது, ஆனாலும் பயம் போகவில்லை என்றார். பெட்டியைத் திறக்காமலே கோவிலுக்குக் கொண்டுபோய் எரித்துவிட்டாராம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவ்வளவு நெய்க்கு நன்றாகவே எரிந்திருக்கும் என்றும் தோன்றியது. அதை மட்டும் சொல்லவில்லை.

கிளம்பும்போது, அக்காவிடம் இன்றைக்கே பேசிவிடுகிறேன் என்றார் டீச்சர். ஈப்போ இடம் இன்னும் இருக்கிறது என்றார். நன்றி சொன்னேன். மகளை நானே என் கையால் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

8

பள்ளி வாசலில் கோலா தெர்லாவிலிருந்து வரும் காய்கறி லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. சாலையைக் கடக்கக் காத்து நின்றோம். எல்லாம் சரியாகிவிட்டது, நீ ஈப்போவுக்குப் போகலாம் என்று மகளிடம் சொன்னேன். குரலைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அவள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்மா. அந்தப் பெட்டி... சிகப்புல பேரு எழுதக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கொடுத்தேன்."

லாரி சத்தத்தில் எனக்கு முதலில் ஏறவில்லை. ஏறியதும், ஏன் என்று கேட்டேன்.

"எனக்குப் போக வேணாம்மா. அன்னிக்கு ஈப்போல நான் தூரிகையை எடுத்த ஒடனே கை தட்டிட்டாங்க. ஒரு கோடுகூட எழுதல. நல்லா எழுதுனேனா இல்லையான்னு யாரும் பாக்கவே இல்ல. அங்க போனா தெனமும் அப்படித்தான் இருக்கும். அப்பா கிட்டச் சொன்னா வருத்தப்படுவாரு, டீச்சர் கிட்டச் சொன்னா அழுவாங்க. நீங்க எழுதிக் கொடுத்தீங்க. நான் பேசாம இருந்துட்டேன்."

அன்றைக்குக் கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. அப்பா என்னைக் கேள்வி கேட்டபோது வெளியே வந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். பயமாக இருந்தது என்று சொல்லி அழ ஆரம்பித்தாள். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. என் எழுத்தை, என் ஆசையை, என் மைசூர்பாகை வைத்து இவள் காரியம் சாதித்திருக்கிறாள். அந்தக் கோபத்துக்குப் பின்னாலேயே வழக்கமான சந்தேகமும் வந்து நின்றது. இது உண்மைதானா? அம்மா தனியாகிவிடுவாளே என்று எனக்காகப் பொய் சொல்கிறாளா? நான் போகவிட மனம் இல்லாமல் தவித்ததை அவள் பார்க்காதவளா? ஊரில் யார் யாரையோ சந்தேகப்பட்டேன். இங்கே டீச்சரைச் சந்தேகப்பட்டேன். போகப் பிடிக்காமல் இருக்கலாம் என்று இவளை மட்டும் ஒருநாளும் சந்தேகப்படவில்லை.

எனக்காகச் சொல்கிறாயா என்று கேட்க வாயைத் திறந்தேன். அவள் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கேட்காமல் வாயை மூடிக்கொண்டேன்.

"வா, நீயே உள்ள வந்து சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றேன்.

திரும்பிப் போனோம். ஹோ டீச்சர் வகுப்பறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவு சீக்கிரம் மறுபடி என்னைப் பார்த்ததில் அவருக்குப் பழைய கலவரம் முகத்தில் வந்து போனது. மகள் தலையைக் குனிந்துகொண்டு சீனத்தில் பேச ஆரம்பித்தாள். நீளமாகப் பேசினாள். நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி பேசினாள். எனக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பிடிபட்டது. மாமா என்று பல தடவை வந்தது. டீச்சர் நடுவில் ஒருமுறை என்னைப் பார்த்தார், அவர் கண் நிறைந்திருந்தது. கடைசியில் பூட்டை விட்டுவிட்டு மகளின் தலையில் கையை வைத்தார். புரிகிறது என்று என்னிடம் மலாயில் சொன்னார்.

தர்ஷினி இப்போது மலையிலேயே இடைநிலைப் பள்ளிக்குப் போகிறாள். என்னைப் பற்றி அன்று டீச்சரிடம் அவள் என்ன சொன்னாள் என்பதை நான் இதுவரை கேட்கவில்லை.